வேனுக்குள் கொளுத்திய சூடம்

1

ஊரில் இருக்கிறவர்கள் நம்பமாட்டீர்கள். தை மாதத்தில் ஒரே சமயத்தில் இரண்டு தலைவர்களைப் பதவியிலிருந்து இறக்குகிற வேலையில் நான் சிக்கிக்கொண்டேன். ஒருவர், நான் பிழைக்க வந்த அமெரிக்காவின் அதிபர். இன்னொருவர், முதுகுளத்தூர் பக்கம் எங்கள் கிராமத்துப் பஞ்சாயத்துத் தலைவர். இரண்டு பேருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. இருவரையும் இறக்க முடியாது என்பது மட்டும்தான் பொது.

இங்கே கீழவையில் குற்றஞ்சாட்டுவதற்கு ஆள் இருக்கிறது. மேலவையில் தண்டிப்பதற்கு மூன்றில் இரண்டு பங்கு பேர் வேண்டும். அதற்கு அதிபரின் சொந்தக் கட்சிக்காரர்கள் கும்பலாக எழுந்து வர வேண்டும். வரமாட்டார்கள். டிவியில் வாதாடுகிறவர்களே அதைச் சொல்லிவிட்டுத்தான் வாதாட உட்காருகிறார்கள்.

எங்கள் ஊர்க் கணக்கு இன்னும் சுலபம். பஞ்சாயத்தில் உறுப்பினர்கள் ஒன்பது பேர். அதில் ஒருத்தி என் அக்கா ராக்கம்மாள். தலைவர் மேல் கலெக்டருக்குப் புகார் எழுதி, தன்னோடு சேர்த்து ஏழு பேரைக் கையெழுத்துப் போட வைத்தவள் அவள்தான். தலைவர் கொடுத்த பதில் போதவில்லை என்று, தாசில்தார் ஊருக்கே வந்து உறுப்பினர்களை ஒவ்வொருவராகக் கருத்துக் கேட்பதாக ஏற்பாடு. அந்தத் தேதி வருவதற்குள் ஆறு பேர் பல்டி அடித்துவிட்டார்கள்.

இரண்டு இடத்திலும் எனக்கு ஓட்டுக் கிடையாது. இங்கே பச்சை அட்டை வைத்திருக்கிறேன். வரி கட்டலாம், ஓட்டுப் போடக் கூடாது. குடியுரிமைக்கு மனுப் போட உட்காரும்போதெல்லாம், இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைக்க வேண்டும் என்ற வரியில் வந்து நின்றுவிடுவேன். ஊரிலோ, வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வந்தவரிடம், "தம்பி இங்கன இல்லையே" என்று அக்காவே உள்ளதைச் சொல்லி என் பெயரை எடுக்க வைத்துவிட்டாள். அவள் பொய் சொல்லமாட்டாள். அதுதான் இந்தக் கதை முழுக்கத் தொல்லை.

2

எங்கள் பக்கம் வானம் பார்த்த பூமி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் நெல் தேறும். மிச்சத் தண்ணீரில் மிளகாய் தேறும். தலைவர் பதவிக்கு வந்ததும் கண்மாயைத் தூர் வாருகிறேன் என்று இயந்திரத்தை இறக்கினார். நல்ல காரியம்தானே என்று ஊரே மாலை போட்டது. அக்காவும் கைதட்டியிருக்கிறாள்.

அவர் தூர் மட்டும் வாரவில்லை. வீட்டு மனை நிரப்ப விலைபோகிற சவுட்டு மண்ணை லாரி லாரியாக அள்ளி விற்றார். நடுக் கண்மாயில் மடையைவிட ஆழமாகக் குழி விழுந்துவிட்டது. அந்த வருஷம் மழை சுமார்தான். ஆனாலும் முன்பெல்லாம் அந்த மழைக்கே மடையில் தண்ணீர் ஏறிவிடும். இப்போது பெய்தது அத்தனையும் குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மடையைத் திறந்தால் தவளைதான் வருகிறது என்றாள் அக்கா. கரையில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியும். கீழே மிளகாய்ச் செடி கருகும். ஆடு ஒன்று குடிக்க இறங்கி ஏற முடியாமல் செத்தும் போனது.

மோட்டார் வைத்து இறைக்க வசதி உள்ளவர்கள் இறைத்துக்கொண்டார்கள். மற்றவர்கள் புகாரில் கையெழுத்துப் போட்டார்கள். தலைவர் கோபப்படவே இல்லை. வீடு வீடாகப் போனார், உட்கார்ந்தார், காப்பி குடித்தார், சொந்தபந்தத்தை ஞாபகப்படுத்தினார். "மண்ணு போனாப் போகுது, மனுசன் முக்கியமில்லையா?" என்றாராம். எனக்கே அந்த வசனம் பிடித்துப்போனது.

3

என் மகள் மதி சிகாகோவில் வேலை பார்க்கிறாள். நான் டெட்ராய்ட் அருகே ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். அவள் அம்மா சாந்தி இறந்து நான்கு வருஷம் ஆகிறது. கொரோனா வந்ததிலிருந்து ஆபீசும் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. மீட்டிங் முடிந்து கணினியை மூடினால், அதில் தெரிந்த முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அணைந்துவிடும். பிறகு வீட்டில் யாரும் கிடையாது. இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. தனியாக இருக்கிறேன், கஷ்டமாக இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதி போன் செய்வாள். முதலில் தமிழில் ஆரம்பிப்பாள். "அப்பா, சாப்ட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" வரைக்கும் தமிழ் தாங்கும். அதற்குப் பிறகு விஷயம் என்று ஒன்று வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். அந்த வாரம் அதிபரைப் பற்றி அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசினாள். எங்கள் மாநில செனட்டரின் அலுவலகத்துக்கு நான் போன் செய்து, தண்டனைக்கு ஓட்டுப் போடச் சொல்ல வேண்டும் என்றாள்.

"எனக்குத்தான் ஓட்டு இல்லையேம்மா."

"குரல் இருக்கில்ல? நீங்க அந்த ஸ்டேட்ல இருக்கீங்க. சொல்லலாம்."

"எப்படியும் தோற்கத்தானே போகுது?"

"தோற்கட்டும். தப்புன்னு ஒருத்தராவது சொன்னாங்கன்னு இருக்கணும். இல்லன்னா எல்லாரும் ஓகேன்னு ஆயிடும்."

சரியாகத்தான் பேசுகிறாள் என்று பெருமையாக இருந்தது. மறுநாள் மத்தியானம் போன் செய்தேன். ஒரு இளம்பெண் எடுத்தாள். பெயர், அஞ்சல் எண் எல்லாம் கேட்டாள். என் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லி முடிப்பதற்கே நேரமாகிவிட்டது. கருத்தைச் சொன்னேன். குறித்துக்கொண்டதாகச் சொல்லி நன்றி சொன்னாள். அதோடு வைத்திருக்கலாம். அங்கே பனி எப்படி என்று கேட்டேன். சொன்னாள். மதியச் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டேன். அதற்கும் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். பிறகு மிகவும் மரியாதையாக, வரிசையில் வேறு சிலர் காத்திருக்கிறார்கள் என்றாள். அன்று நான் ஆபீஸ் விஷயம் தவிர ஒரு மனுஷியிடம் பேசியது அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டு டேவ் மறுகட்சி. அதிபருக்குத்தான் ஓட்டுப் போட்டவர். ஆனாலும் நல்ல மனிதர், என் வாசல் பனியையும் சேர்த்தே தள்ளிவிடுவார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அவர் சொன்னதும் எனக்குள் குடைந்துகொண்டே இருந்தது. "முடிவு தெரிந்த விசாரணை நாடகம். விடுதலையானால் நாளைக்கு வருகிற எல்லாத் தலைவருக்கும் அது ஒரு சான்றிதழ் ஆகிவிடும். கேட்காமல் விட்டிருந்தால் சந்தேகமாவது மிச்சம் இருந்திருக்கும்" என்றார். அதிலும் நியாயம் இருந்தது. எனக்கு யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்கிற புத்தி.

4

இப்போது ராமேஸ்வரம் பயணத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு கூத்தைப் பண்ணமாட்டார்கள்.

ஒன்பது உறுப்பினர்களில் ஐந்து பேர் பெண்கள். சட்டப்படி இடஒதுக்கீடு. நடைமுறைப்படி, கூட்டத்துக்குப் போவதும் நாற்காலியில் உட்காருவதும் வீட்டுக்காரர்கள். "மெம்பர் வாராரு" என்றால் மெம்பருடைய புருஷன் வருகிறார் என்று அர்த்தம். ஆகவே தலைவர், யாரும் மறுபடி மாறிவிடாதபடி சத்தியம் வாங்க ஆள் திரட்டியபோது, நான்கு ஆண் உறுப்பினர்களையும், ஐந்து பெண் உறுப்பினர்களின் புருஷன்மார்களையும் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு ராமேஸ்வரம் போய்விட்டார். தீர்த்தமாடி, சாமி கும்பிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தனுஷ்கோடி. கடலை வைத்துச் சத்தியம் வாங்குவதாகத் திட்டம். அதில் அக்கா வீட்டுக்காரர், என் மச்சான் கருப்பையாவும் ஒருவர்.

அவரே போனில் சொன்னார்.

"மாப்ள, காத்துன்னா காத்து, அப்படி ஒரு காத்து. சூடம் நிக்கவே மாட்டேங்குது. தீப்பெட்டி பூராவும் காலி. வேட்டியைப் பிடிச்சு மறைச்சுப் பாத்தோம், துண்டை விரிச்சுப் பாத்தோம், ம்ஹூம். கடைசியில தலைவரு, 'வாங்கய்யா வேனுக்குள்ள'ன்னுட்டாரு. கண்ணாடியெல்லாம் ஏத்திவிட்டு, சீட்டுக்கு நடுவுல தட்டை வச்சுக் கொளுத்துனோம். டிரைவரு, 'வண்டி எரிஞ்சா யாரு பதில் சொல்லுவா'ன்னு ஒரே சத்தம். ஒவ்வொருத்தரா அடிச்சுச் சத்தியம் பண்ணுனோம்."

எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "என்னன்னு மச்சான் சத்தியம் பண்ணுனீங்க?"

மச்சான் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுல இருந்து தலைவருக்கு எதிரா ஒரு வார்த்தை வராதுன்னு. பெத்த பிள்ளை மேல."

சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களுக்கு ஒரே பையன். திருப்பூரில் வேலை செய்கிறான். மச்சான் சத்தியத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. அய்யனார் கோயில் பக்கம் செருப்போடு போனவனைக்கூட ஒரு வாரம் தள்ளி வைத்துப் பார்ப்பவர்.

"எல்லாரும் பண்ணும்போது நான் மட்டும் எப்படி மாப்ள மாட்டேங்கிறது? உங்கக்கா என்னன்னா நான் போய்ப் பேசத்தான் செய்வேங்கிறா. பயலுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா யாரு முகத்துல முழிக்கிறது? நீ சொல்லு. நீ சொன்னாக் கேப்பா."

5

நான் சொன்னேன்.

எங்களுக்குக் காலை, அவர்களுக்குச் சாயங்காலம். அக்கா ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு வந்து போனை எடுத்தாள். நான் அமெரிக்க ஆபீஸ் தோரணையில் விளக்கினேன். ஒன்பதில் எட்டுப் பேர் தலைவர் பக்கம். அவள் ஒருத்தி பேசினால் தலைவர் இறங்கப்போவதில்லை. கலெக்டர் ஆபீசில் கோப்பை மூடிவிடுவார்கள். ஜெயித்த தலைவர் முன்னைவிட மோசமாக நடந்துகொள்வார். ஊர் ஒதுக்கும். புருஷன் மனசு முறியும். ஒன்றும் கிடைக்காத இடத்தில் எல்லாவற்றையும் எதற்குக் கொண்டுபோய் வைப்பது? டேவ் சொன்னதைத்தான் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்பது பேசப் பேச எனக்கே தெரிந்தது.

அக்கா குறுக்கே பேசவில்லை. முடித்த பிறகு கேட்டாள்.

"நாளைப்பின்ன அவரு என்ன சொல்லுவாரு தெரியுமாலே? ஊரே சம்மதிச்சுத்தான் தோண்டுனேம்பாரு. எல்லாரும் தலையாட்டிட்டா அது நெசமாயிரும்ல? ஒருத்தி சம்மதிக்கலைன்னு இருக்கட்டுமே."

"மச்சான் சத்தியம் பண்ணியிருக்காரே அக்கா. பையன் மேல."

"அவுக பண்ணுனாக. நான் எங்க பண்ணுனேன்? என்னைய எவன் வேன்ல ஏத்துனான்?" குரல் சூடாகியிருந்தது. "எங்க அஞ்சு பேரையும் ஒருத்தனும் ஒரு வார்த்தை கேக்கலைலே. புருஷனைப் புடிச்சாப் பொண்டாட்டி வந்துருவான்னு நெனச்சுட்டாக. நானும் அவுகளும் வேற வேற ஆளுன்னு சாமிக்குத் தெரியும். ஊருக்குத்தான் தெரியலை. பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது."

அப்படிச் சொன்னாலும், கடைசி வார்த்தையில் அவள் குரல் நடுங்கியது எனக்குக் கேட்டது. அவளுக்கும் பயம்தான். மற்ற நான்கு பெண்கள் வீட்டுக்கும் போய், "நாம சத்தியம் பண்ணலையே, வாங்க, உள்ளதைச் சொல்லுவோம்" என்று கேட்டிருக்கிறாள். ஒருத்தி அழுதாளாம். ஒருத்தி கதவையே திறக்கவில்லையாம். இரண்டு பேர் பார்ப்போம் என்றார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை இதையெல்லாம் மதியிடம் சொன்னேன். வேன் கதைக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, அத்தையிடம் நான் என்ன சொன்னேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்பா, போன வாரம் செனட்டருக்குப் போன் பண்ணி என்ன சொன்னீங்க?"

தண்டனைக்கு ஓட்டுப் போடச் சொன்னேன் என்றேன்.

"அவர் தோற்கிற பக்கம் ஓட்டுப் போடணும். அத்தை மட்டும் போடக் கூடாது. அப்படித்தானே?"

"அவருக்கு வீட்டு வாசலில் போலீஸ் நிற்கும்மா. அத்தைக்கு யார் நிற்பா?"

"அது தெரியும்ப்பா. ஆனா..." என்று தமிழில் ஆரம்பித்தவள் வார்த்தை கிடைக்காமல் நிறுத்தினாள். ஆங்கிலத்துக்கும் தாவவில்லை. பிறகு, துணி துவைக்க வேண்டும் என்று வைத்துவிட்டாள்.

அதற்குப் பிறகு நான் நிறைய யோசித்தேன். யோசிப்பதற்கு இங்கே நேரத்துக்குப் பஞ்சமில்லை. தூரத்தில் இருக்கிறவனுக்கு நியாயம் சுலபம். பக்கத்தில் இருக்கிறவளுக்குத்தான் அது அடுப்படி வரைக்கும் வரும். அதற்காக அது நியாயம் இல்லை என்று ஆகிவிடாதே. தோற்கும் என்று தெரிந்து ஒரு தலைவரைக் கேள்வி கேட்கலாமா என்று யாராவது என்னைக் கேட்டால், கேட்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் கேட்கிறவள் என் அக்காவாக இருக்கக் கூடாது என்றும் மனசு சொல்கிறது. இரண்டையும் ஒரே ஆள் எப்படி நினைக்கிறான் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது.

6

தாசில்தார் வருகிற நாளன்று இங்கே விடிந்தபோது அங்கே கூட்டம் முடிந்திருக்கும். ஏழு மணிக்குப் போன் செய்தேன். மச்சான் எடுப்பார் என்று நினைத்தேன். அக்காதான் எடுத்தாள்.

"சாப்டியாலே?"

"இல்லக்கா. என்னாச்சு?"

"என்ன ஆகும்? ஆச்சு."

நிதானமாகச் சொன்னாள். தாசில்தார் நல்ல மாதிரி. முதல் வேலையாக, உறுப்பினர் அல்லாதவர்கள் வெளியே போங்கள் என்றிருக்கிறார். புருஷன்மார்கள் ஐந்து பேரும் திகைத்துப்போய் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருக்கிறார்கள். பெண்கள் ஐந்து பேரும் முதல் தடவையாக அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். "உக்காரவே கூச்சமா இருந்துச்சு" என்றாள்.

ஆண்கள் நான்கு பேரும், தலைவர் தங்கமானவர் என்றார்கள். அடுத்து பெண்கள். பார்ப்போம் என்று சொன்ன இருவரும் எழுந்து, வாய்க்குள்ளேயே, தலைவர் மேல் குறை இல்லை என்றார்கள். மற்ற இருவரும் அதையே சொன்னார்கள். கடைசியில் அக்கா.

"நீ என்னக்கா சொன்ன?"

"மடைக்குத் தண்ணி ஏறலைய்யா, வந்து பாருங்கன்னேன். கண்மாயைக் கெடுத்தவரு தலைவரா இருக்கக் கூடாதுன்னேன். அம்புட்டுத்தான். அதுக்கு மேல பேசத் தெரியலை. தாசில்தாரு, 'நீங்க ஒருத்தர்தாம்மா இப்படிச் சொல்றீங்க, அப்படியே எழுதிக்கிடட்டுமா'ன்னாரு. எழுதுங்கன்னேன்."

"மச்சான்?"

"சன்னல்ல கேட்டுக்கிட்டுத்தான் நின்னாக. நான் வெளிய வாரதுக்குள்ள போயிட்டாக. வீட்டுக்கு வந்து பயலுக்குப் போன் போட்டு, நல்லா இருக்கியா, நல்லா இருக்கியான்னு நாலு தடவை கேட்டாக. இப்ப அவுக அண்ணன் வீட்டுல இருக்காக. சோத்துக்கும் வரலை."

"வந்துருவாருக்கா."

"வருவாக. எப்பன்னு தெரியலை. தெருக்குழாயில தண்ணி பிடிக்கப் போனேன். பேசிக்கிட்டு இருந்தவளுகல்லாம் கம்முன்னு ஆயிட்டாளுக. என் குடத்துக்கு மட்டும் வழியை விட்டு ஒதுங்கி நின்னாளுக. ஒருத்திகூட ஏறெடுத்துப் பாக்கலை."

நான்தான் அப்போதே சொன்னேனே என்று சொல்லத் தோன்றவில்லை. நீ செய்தது சரிதான் என்று சொல்லவும் வாய் வரவில்லை. அதை அவளுக்கு அங்கே பக்கத்தில் நின்று சொல்ல வேண்டும். இங்கேயிருந்து சொன்னால் அதற்கு மதிப்பில்லை. எட்டாயிரம் மைலுக்கு அப்பால் மேசை முன்னால் காது சூடாகப் போனைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"தம்பி."

"சொல்லுக்கா."

"சாந்தி போனதுக்கப்பறம் நீ அங்கன ஒத்தையிலதான கிடக்க?"

"ஆமாக்கா."

"நாள் பூரா ஆளுக கிட்டப் பேச்சுவார்த்தை இல்லாம எப்படிறா இருக்க? அதை எனக்குக் கொஞ்சம் சொல்லிக் குடு. நானும் பழகணும்ல?"

இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆபீஸ் கணினி மணி அடித்துக் கூப்பிட்டது. அதை மூடி வைத்தேன்.

"காலையில எந்திரிச்ச உடனே முதல்ல வாயைத் திறந்து ஏதாச்சும் பேசிரணும்க்கா" என்றேன். "ஆள் இல்லைன்னாலும் பரவாயில்ல. அடுப்புக்கிட்டயாவது சொல்லணும். இல்லைன்னா மத்தியானத்துக்கு மேல குரலே வராது."

"சரி" என்றாள் அக்கா. "அப்பறம்?"